போதைப்பொருள் தடுப்புப் பாடத்தில் ஆசிரியர் பேசும் முறை: பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

பள்ளியில் போதைப்பொருள் தடுப்புப் பாடம் நடத்தப்படும் நாளில், வகுப்பில் அமர்ந்திருக்கும் மாணவர்கள் அனைவரும் ஒரே நிலையில் இருப்பதில்லை. பெரும்பாலோர் எந்தப் போதைப்பொருளையும் தொட்டிராதவர்கள். ஒரு சிலர் புகையிலையையோ மதுவையோ ஏற்கெனவே சுவைத்துப் பார்த்திருக்கலாம். வேறு சிலரின் வீட்டில் தந்தையோ அண்ணனோ மதுப் பழக்கத்துக்காகச் சிகிச்சை பெற்று வரலாம். இவர்கள் எல்லோரிடமும் ஒரே நேரத்தில் பேச வேண்டிய பொறுப்பு ஆசிரியருக்கு உள்ளது. அவர் என்ன சொல்ல வேண்டும் என்பதைப் பாடக் கையேடு முன்கூட்டியே வகுத்துத் தந்துவிடுகிறது. எவ்வாறு சொல்கிறார் என்பது அவர் கையில்தான் இருக்கிறது. பாடத்தின் பயன் பெரிதும் இந்த இரண்டாவதைப் பொறுத்தே அமைகிறது.

பள்ளி செல்லும் பிள்ளைகளின் பெற்றோருக்காகவும், போதைப் பழக்கத்திலிருந்து மீளச் சிகிச்சை பெறுவோருக்காகவும், அவர்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தினருக்காகவும் இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது. பிள்ளை வீட்டுக்கு வந்து பாடத்தைப் பற்றிச் சொல்லும்போது எதைக் கவனிக்க வேண்டும், பள்ளியிடம் எதைக் கேட்கலாம், வீட்டில் எதை மாற்றிக்கொள்ளலாம் என்பவற்றை நீங்கள் இதிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

விரிவுரையும் உரையாடலும்

தடுப்புப் பாடங்களை ஆய்வாளர்கள் பொதுவாக இரு வகைகளாகப் பிரிக்கின்றனர். முதல் வகையில் ஆசிரியர் பேசுவார். மாணவர்கள் கேட்டுக் குறிப்பெடுப்பார்கள். இரண்டாம் வகையில் மாணவர்கள் தங்களுக்குள் பேசுவார்கள், ஒரு சூழ்நிலையை நடித்துப் பார்ப்பார்கள், ஒருவர் கருத்தை மற்றவர் மறுப்பார்கள். ஆசிரியர் அந்த உரையாடலை வழிநடத்துவார். அமெரிக்க ஆய்வாளர் நான்சி டோப்ளரும் அவருடன் பணியாற்றியோரும் 207 பள்ளித் திட்டங்களின் முடிவுகளை ஒன்றுசேர்த்து ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மாணவர்கள் பங்கேற்ற திட்டங்கள் போதைப்பொருள் பயன்பாட்டைக் குறைத்தன. விரிவுரையாக அமைந்த திட்டங்களின் விளைவு மிகச் சிறிதாகவே இருந்தது.

இதற்கு நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு, லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் 1983-இல் தொடங்கி அமெரிக்கா முழுவதும் பரவிய ‘டேர்’ திட்டமாகும். சீருடை அணிந்த காவலர் ஒருவர் வகுப்புக்கு வந்து பாடம் நடத்துவார். பெற்றோருக்கும் பள்ளிக்கும் காவல்துறைக்கும் அத்திட்டம் பிடித்திருந்தது. ஆயினும் 1994-இல் வெளியான தொகுப்பாய்வு, மாணவர்களின் அறிவு ஓரளவு கூடியிருந்தபோதிலும் போதைப்பொருள் பயன்பாட்டில் ஏற்பட்ட மாற்றம் மிகச் சிறிது என்று காட்டியது. கலந்துரையாடலாக நடத்தப்பட்ட பிற திட்டங்களின் பயன் அதைவிடக் கூடுதலாக இருந்தது. எல்லோருக்கும் பிடித்த திட்டமும் பயன் தரும் திட்டமும் ஒன்றாகவே இருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. பின்னர் ‘டேர்’ நிறுவனமே தன் பழைய பாடங்களைக் கைவிட்டு, அரிசோனா மாநிலத்தில் உருவான ‘கீப்பின் இட் ரியல்’ என்னும் பாடத்திட்டத்தை ஏற்றுக்கொண்டது.

இந்தப் பாடத்திட்டம் ஒருவர் போதைப்பொருளை நீட்டும்போது பிள்ளை செய்யக்கூடிய நான்கு செயல்களைக் கற்பிக்கிறது: மறுத்தல், காரணம் சொல்லல், அத்தகைய இடத்தைத் தவிர்த்தல், எழுந்து விலகிச் செல்லல். படிக்கும்போது எளிதாகத் தோன்றும் இந்நான்கையும் இரண்டு ஆசிரியர்கள் நடத்துவதாக எண்ணிப் பாருங்கள். முதல் ஆசிரியர் நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, மாணவர்களைப் படியெடுக்கச் சொல்லி, மறுநாள் ஒப்பிக்கச் சொல்கிறார். இரண்டாம் ஆசிரியர் ஒரு மாணவனைப் பார்த்து, “கோயில் திருவிழாவில் உன் அத்தை மகன் ஒன்றை நீட்டுகிறான். என்ன சொல்வாய்?” என்று கேட்கிறார். “வேணாம்னு சொல்லுவேன்” என்கிறான் அவன். வகுப்பு சிரிக்கிறது. “அப்படிச் சொன்னா விட மாட்டாங்க சார்” என்கிறான் பின்வரிசை மாணவன் ஒருவன். முதல் ஆசிரியராக இருந்தால் இந்த இடத்தில் “சத்தம் போடாதே” என்றிருப்பார். இரண்டாம் ஆசிரியர், “சரி, எப்படிச் சொன்னால் விடுவார்கள்?” என்று கேட்கிறார்.

பாடம் உண்மையில் தொடங்குவது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். “அப்பா தேடுவார்”, “நாளைக்கு மேட்ச் இருக்கு”, “சைக்கிளைப் பூட்டாம வந்துட்டேன், பார்த்துட்டு வரேன்” என்று பிள்ளைகள் தம் வயதுக்கும் தம் தெருவுக்கும் பொருந்தும் சொற்களைத் தாமே கண்டெடுக்கிறார்கள். கையேட்டில் அச்சிடப்பட்ட வாக்கியம் எதுவும் அந்த நேரத்தில் ஒரு பிள்ளையின் வாயில் வராது. தானே சொல்லிப் பழகிய வாக்கியம் வரக்கூடும்.

பென்சில்வேனியா, ஒகையோ மாநிலங்களின் ஊரகப் பள்ளிகளில் இப்பாடத்திட்டம் நடத்தப்பட்டபோது, ஆய்வாளர்கள் வகுப்புகளைக் காணொளியாகப் பதிவுசெய்து உற்றுநோக்கினர். கையேடு ஒன்றாக இருந்தும் வகுப்புகள் ஒன்றுபோல் இல்லை. நேரம் போதாமையால் சிலர் நடித்துப் பார்க்கும் பகுதியை விட்டுவிட்டனர். சிலர் தம் மாணவர்களுக்கு ஏற்ற வகையில் எடுத்துக்காட்டுகளை மாற்றினர். ஆசிரியரின் ஆர்வம், தெளிவு, கனிவு ஆகியவையும் மாணவர்களின் கவனம், பங்கேற்பு ஆகியவையும் தனித்தனியாக நிற்கவில்லை. இணைந்தே கூடின, இணைந்தே குறைந்தன. எனவே, “இந்த வகுப்புப் பிள்ளைகள் எதையும் காதில் வாங்குவதில்லை” என்று ஓர் ஆசிரியர் சொன்னால், அது பிள்ளைகளைப் பற்றிய செய்தியாக மட்டும் இருக்க வாய்ப்பில்லை.

அச்சுறுத்தல் ஏன் எதிர்பார்த்த பயனைத் தருவதில்லை?

கருகிய நுரையீரலின் படம், வாய்ப் புற்றுநோயாளியின் முகம், “ஒருமுறை தொட்டால் வாழ்க்கை முடிந்தது” என்னும் எச்சரிக்கை ஆகியவை நல்ல நோக்கத்துடன்தான் வகுப்பறைக்குள் வருகின்றன. பெற்றோரில் பலரும் இதையே எதிர்பார்க்கின்றனர். “நல்லா பயமுறுத்தி வையுங்க சார்” என்று கேட்டுக்கொள்வோரும் உண்டு.

ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் மற்றும் குற்றத் தடுப்பு அலுவலகமும் உலக சுகாதார நிறுவனமும் இணைந்து 2018-இல் வெளியிட்ட பன்னாட்டுத் தர நெறிகள் இதற்கு நேர்மாறாகக் கூறுகின்றன. தகவலை மட்டும் அளித்தல், அச்சத்தைத் தூண்டுதல், விரிவுரையையே முதன்மை முறையாகக் கொள்ளுதல் ஆகியவை பயனற்றுப் போகின்றன, அல்லது தீங்கையும் விளைவிக்கின்றன என்பதே அந்நெறிகள் தொகுத்துத் தரும் சான்று.

இதற்குக் காரணங்கள் உண்டு. அச்சம் நெடுநாள் நிலைப்பதில்லை. மேலும், பதின்ம வயதினர் நாற்பது ஆண்டுகள் கழித்து வரக்கூடிய நோயை எண்ணி இன்று முடிவெடுப்பதில்லை. இன்று மாலை நண்பர்கள் தம்மைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்பதே அவர்களுக்குப் பெரிது. தம் உரிமை பறிக்கப்படுவதாக உணரும் மனிதர், தடுக்கப்பட்டதையே மேலும் விரும்பத் தொடங்குவார் என்று அமெரிக்க உளவியலாளர் ஜாக் பிரேம் 1966-இல் விளக்கினார். பிள்ளை வளர்த்த எவருக்கும் இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

இவற்றைவிட முக்கியமான காரணம் நம்பிக்கை சார்ந்தது. “ஒருமுறை புகைத்தால் அடிமையாகிவிடுவாய்” என்று ஆசிரியர் சொல்கிறார். மாணவனுக்கோ ஒருமுறை புகைத்துவிட்டு நலமாகத் திரியும் அண்ணன் ஒருவனைத் தெரியும். ஆசிரியர் சொன்னது பொய் என்று அவன் முடிவுசெய்கிறான். அதன்பின் அவர் சொல்லும் உண்மைகளையும் அவன் அதே பையில் போட்டுவிடுகிறான்.

மிகைப்படுத்துவதால் ஏற்படும் இழப்பை உணர, ஆவிகளை நுகரும் பழக்கத்தை எண்ணிப் பாருங்கள். பசை, பெயிண்ட் கரைப்பான், திருத்தும் வெண்மை ஆகியவற்றின் ஆவியை நுகர்வது முதல் முறையிலேயே இதயத் துடிப்பைக் குலைத்து உயிரைப் பறிக்கக்கூடும். இது மிகையன்று, மருத்துவ உண்மை. இந்திய அரசின் சமூகநீதி அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசியப் போதை சிகிச்சை மையம் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. அதில், பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் பரவல் கூடுதலாகக் காணப்பட்ட ஒரே வகை இந்த ஆவிகள்தாம்: 10 முதல் 17 வயதினரில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58 விழுக்காடு. எல்லாவற்றுக்கும் “உடனே மரணம்” என்று சொல்லிப் பழகிய ஆசிரியர், உண்மையிலேயே உடனடி மரணம் நேரக்கூடிய இந்த ஒன்றைச் சொல்லும்போது அதற்கு எடை இருக்காது.

ஆகவே நல்ல பாடத்தில் தீங்குகள் மறைக்கப்படுவதில்லை. அவை அளவோடும் அமைதியான குரலிலும் சொல்லப்படுகின்றன. எந்தப் பொருளை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்னும் விவரமும் அதில் இடம்பெறாது. அறியாத பிள்ளைக்கு அதுவே பாடமாகிவிடும்.

“இப்போதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும்...”

கவலையோடு சொல்லப்படும் இந்த வாக்கியம் பெருந்தீங்கு செய்கிறது. பதின்ம வயதினர் தம் வயதினரிடையே உள்ள பழக்கத்தை ஏற்கெனவே மிகைப்படுத்தி மதிப்பிடுகின்றனர். ஆசிரியரும் அதை உறுதிசெய்துவிட்டால், தொடாமல் இருக்கும் பிள்ளை தன்னையே விதிவிலக்கு என்று எண்ணத் தொடங்குகிறது. இந்தியாவில் 2019-இல் நடத்தப்பட்ட உலக இளைஞர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 13 முதல் 15 வயது வரையிலான மாணவர்களில் 8.5 விழுக்காட்டினர் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தி வந்தனர். இது கவலைக்குரிய எண்தான். ஆயினும், நூறு பேரில் தொண்ணூறுக்கும் மேற்பட்டோர் பயன்படுத்தவில்லை என்பதும் இதே எண் சொல்லும் செய்தியே. தேர்ந்த ஆசிரியர் இந்த இரண்டாவது செய்தியிலிருந்து தொடங்குவார்.

கேட்கத் தெரிந்த ஆசிரியர்

மாணவரிடம் கேள்வி கேட்டுவிட்டு ஆசிரியர் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்? அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970-களில் இதை அளந்து பார்த்தார். பெரும்பாலான ஆசிரியர்கள் ஏறத்தாழ ஒரு நொடிதான் காத்திருந்தனர். அதை மூன்று நொடியாக நீட்டியபோது விடைகள் நீண்டன. வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினர். அவர் ஆராய்ந்தது அறிவியல் வகுப்புகளை. கூச்சமும் அச்சமும் மிகுந்த போதைப்பொருள் பாடத்தில் இந்த மூன்று நொடியின் மதிப்பு இன்னும் கூடுதலாக இருக்கும் என்று கருத இடமுண்டு.

சிகிச்சை மையத்துக்குச் சென்று வந்தவர்களுக்கு இது புதிய செய்தியாக இராது. போதை மருத்துவத்தில் ஆலோசகரின் பேச்சு முறை தனியே ஆராயப்பட்டுள்ளது. வில்லியம் மில்லரும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் வெளியிட்ட ஆய்வில், மிகுதியாக மது அருந்துவோரிடம் ஆலோசகர் எந்த அளவுக்கு எதிர்வாதம் செய்தாரோ, அந்த அளவுக்கு ஓராண்டு கழித்து அவர்களின் குடி கூடுதலாக இருந்தது. குற்றம் சாட்டும் குரலைக் கேட்டதும் மனிதர் தம்மைத் தற்காத்துக்கொள்ளவே வாதாடுகிறார். வாதாட வாதாடத் தம் வாதத்தைத் தாமே நம்பத் தொடங்குகிறார். பெரியவர்களிடம் கண்ட இந்த இயல்பு பதினான்கு வயதுப் பிள்ளையிடம் இல்லாமல் போகாது. “ஏன் இப்படிச் செய்தாய்?” என்பதற்கும் “அப்போது என்ன நடந்தது?” என்பதற்கும் உள்ள வேறுபாடு சிறிதாகத் தோன்றலாம். முதல் கேள்விக்குப் பிள்ளை சாக்குச் சொல்லும். இரண்டாவதற்குக் கதை சொல்லும்.

சென்னையிலும் தில்லியிலும் நடந்த ஆய்வு

இவையெல்லாம் அயல்நாட்டு வகுப்பறைகளுக்குத்தான் பொருந்தும் என்று சிலர் எண்ணலாம். நம் வகுப்புகள் பெரியவை; ஆசிரியர் சொல்வதை மாணவர் மறுத்துப் பேசுவது நம் வழக்கமும் இல்லை. எனினும், சென்னையிலும் தில்லியிலும் உள்ள 32 பள்ளிகளில் 2004 முதல் 2006 வரை ‘மைத்ரி’ என்னும் பெயரில் புகையிலைத் தடுப்புத் திட்டம் ஒன்று முறையாகச் சோதித்துப் பார்க்கப்பட்டது. தொடக்கக் கணக்கெடுப்பே ஒரு வியப்பைத் தந்தது: புகையிலையை எப்போதாவது பயன்படுத்தியதாகச் சொன்னோர் எட்டாம் வகுப்பைவிட ஆறாம் வகுப்பில் கூடுதலாக இருந்தனர். ஆறாம் வகுப்பில் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேர். எட்டாம் வகுப்பில் ஏறத்தாழ 9 பேர்.

பாதிப் பள்ளிகளில் இரண்டு ஆண்டுகள் திட்டம் நடத்தப்பட்டது. ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. ஆயினும் வகுப்புச் செயல்பாடுகளின் பெரும்பகுதியைச் சிறு குழுக்களில் நடத்தியவர்கள், அதற்கெனப் பயிற்சி பெற்ற சக மாணவர்கள். சுவரொட்டிகள் ஒட்டப்பட்டன, பெற்றோருக்கு அஞ்சலட்டைகள் அனுப்பப்பட்டன. இரண்டு ஆண்டுகளின் முடிவில், திட்டம் நடைபெறாத பள்ளிகளில் புகையிலைப் பயன்பாடு 68 விழுக்காடு கூடியிருந்தது. திட்டம் நடைபெற்ற பள்ளிகளில் 17 விழுக்காடு குறைந்திருந்தது.

எங்கே பலன் கூடுதலாக இருந்தது என்பதையும் ஆய்வாளர்கள் தனியே பார்த்தனர். வகுப்புக் கலந்துரையாடலில் மிகுதியான மாணவர்கள் பங்கேற்ற பள்ளிகளிலும், குழுத் தலைவராக இருந்த மாணவருக்கும் மற்ற மாணவருக்கும் இடையே தொடர்பு நன்றாக இருந்த பள்ளிகளிலும் விளைவு சிறப்பாக இருந்தது. நம் ஊர் வகுப்பறையிலும் ஆசிரியர் சற்றுப் பின்னால் நகர்ந்து நின்றால் பிள்ளைகள் பேசுவார்கள் என்பதற்கு இது சான்று.

உங்கள் வீட்டில் ஒருவர் சிகிச்சையில் இருந்தால்

இப்பகுதி குறிப்பாக உங்களுக்கானது.

“குடிகாரன் வீடு உருப்படாது”, “குடிப்பவனுக்குப் பிள்ளை குட்டி நினைவே இருக்காது” என்று ஆசிரியர் வகுப்பில் சொல்லும்போது, அவர் மனத்தில் எந்தக் குடும்பமும் இல்லாமல் இருக்கலாம். ஆனால் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருக்கும் உங்கள் மகள், தன் தந்தையைப் பற்றித்தான் பேசுகிறார் என்று எண்ணிக்கொள்வாள். சுற்றியிருப்போர் தன்னைப் பார்க்கிறார்களோ என்று தலைகுனிவாள். அதற்குப் பின் அப்பாடத்தில் சொல்லப்படும் எதுவும் அவள் செவியில் ஏறாது. உதவி தேவைப்படும் நாளிலும் அந்த ஆசிரியரிடம் அவள் போகமாட்டாள். தடுப்புப் பாடம் முதலில் சென்றடைய வேண்டிய பிள்ளையையே அது இவ்வாறு வெளியே தள்ளிவிடுகிறது.

இத்தகைய குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பழக்கம் தொற்றும் வாய்ப்பு மற்றவர்களைவிடக் கூடுதல் என்பது உண்மையே. மரபும் சூழலும் அதற்குக் காரணமாகின்றன. ஆனால் கூடுதல் வாய்ப்பு என்பது தலைவிதி ஆகாது. இப்பிள்ளைகளில் பலர் எந்தப் பழக்கமும் இன்றியே வளர்கின்றனர். “அப்பன் வழியில்தானே பிள்ளையும் போகும்” என்று விளையாட்டாகச் சொல்லும் ஆசிரியருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

சொல்லை மாற்றுவது இங்கே வெறும் மரியாதைக்காக இல்லை. மதுவையும் பிற போதைப்பொருள்களையும் சார்ந்திருத்தல் பன்னாட்டு நோய் வகைப்பாட்டில் நோயாக இடம்பெற்றுள்ளது. “குடிகாரர்” என்பதற்குப் பதிலாக “மதுப் பழக்கத்துக்குச் சிகிச்சை பெறுபவர்” என்று ஆசிரியர் சொன்னால், இது மருத்துவம் உள்ள நிலை என்பதும், இதிலிருந்து மீள முடியும் என்பதும் அந்த ஒரு தொடரிலேயே வகுப்புக்குப் புரிந்துவிடுகிறது.

பாடம் நடைபெறுவதற்கு முன்பே உங்கள் பிள்ளையிடம் நீங்கள் பேசிவிடுவது நல்லது. நீண்ட விளக்கம் தேவையில்லை. “அப்பாவுக்கு இருப்பது ஒரு நோய். அதற்கு மருத்துவரைப் பார்த்து வருகிறார். அது உன்னால் வந்ததும் இல்லை, அதைச் சரிசெய்வது உன் வேலையும் இல்லை. வகுப்பில் யாராவது ஏதாவது சொல்லி உனக்குக் கஷ்டமாக இருந்தால் வீட்டுக்கு வந்து சொல்” என்ற அளவே போதும்.

சிகிச்சை பற்றிய செய்தியைப் பள்ளிக்குச் சொல்ல வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மதுவும் போதைப்பொருளும் சார்ந்த மனநல நிலைகளையும் உள்ளடக்கியது. சிகிச்சை விவரங்கள் மறைவாகக் காக்கப்படும் உரிமையையும் அது அளிக்கிறது. ஆயினும், நம்பத்தகுந்த ஆசிரியர் ஒருவர் இருந்தால், அவரிடம் மட்டும் தனியே சொல்லிவைப்பது பிள்ளைக்கு உதவக்கூடும். முடிவு உங்களுடையது. பிள்ளையையும் கேட்டுக்கொண்டு முடிவெடுங்கள்.

மீண்டு வந்தவரைப் பள்ளி பேச அழைத்தால்

நீங்கள் மது அல்லது வேறு போதைப்பொருள் பழக்கத்திலிருந்து மீண்டவராக இருந்தால், “உங்கள் அனுபவத்தை மாணவர்களுக்குச் சொல்லுங்கள்” என்று என்றேனும் அழைப்பு வரலாம். அழைப்பவர் நல்லெண்ணத்தில்தான் அழைப்பார். ஆனால் மேலே குறிப்பிட்ட பன்னாட்டுத் தர நெறிகள், மீண்டவர்களின் அனுபவ உரையைத் தடுப்புப் பாடமாகப் பயன்படுத்துவதைப் பயனற்ற முறைகளின் வரிசையிலேயே வைக்கின்றன.

கேட்பவருக்கு இது மனத்தாங்கலாக இருக்கலாம். உங்கள் அனுபவத்தின் மதிப்பை இது குறைப்பதில்லை. அது பதின்மூன்று வயதினர் செவியில் எப்படி விழுகிறது என்பதுதான் சிக்கல். “இவ்வளவும் செய்துவிட்டு இன்று மேடையில் நிற்கிறார், நானும் வேண்டும்போது விட்டுவிடலாம்” என்று ஒரு மாணவன் புரிந்துகொள்ள இடமுண்டு. விழுந்த கதையில் உள்ள பரபரப்பு, எழுந்த கதையில் இருப்பதில்லை. உங்கள் பக்கமும் ஒன்று உண்டு: சிகிச்சையின் தொடக்க மாதங்களில் பழைய நாட்களை மேடையில் விவரிப்பது உங்களுக்கே சுமையாகலாம். கூட்டத்தில் எடுத்த படம் வாட்ஸ்அப் குழுக்களில் பரவினால் அதைத் திரும்பப் பெறவும் முடியாது.

உதவ விரும்பினால், மாணவர் கூட்டத்துக்குப் பதிலாக ஆசிரியர் பயிற்சியிலோ பெற்றோர் கூட்டத்திலோ பேச முன்வரலாம். பள்ளி நாட்களில் எந்த ஆசிரியரின் எந்தச் சொல் உங்களை நெருங்க விட்டது, எந்தச் சொல் விலக்கியது என்பதை ஆசிரியர்களுக்கு உங்களைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர் எவருமில்லை.

பிள்ளை ஆசிரியரிடம் மனம் திறந்தால்

நல்ல பாடத்தின் அடையாளங்களில் ஒன்று, பாடம் முடிந்தபின் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஆசிரியரிடம் வந்து நிற்பது. அடுத்த சில நிமிடங்களில் ஆசிரியர் நடந்துகொள்ளும் முறை அப்பிள்ளையின் போக்கையே மாற்றக்கூடும். வகுப்பின் முன் அவர் எதையும் கேட்கக் கூடாது. முழுவதும் கேட்டு முடிக்கும்வரை அறிவுரை கூறக் கூடாது. “யாரிடமும் சொல்லமாட்டேன்” என்று வாக்களிக்கவும் கூடாது. பிள்ளையின் உயிருக்கு இடர் இருந்தால் அந்த வாக்கைக் காக்க இயலாது. யாரிடம் சொல்வேன், எதற்காகச் சொல்வேன் என்று முன்கூட்டியே சொல்லிவிடும் ஆசிரியரைப் பிள்ளைகள் நம்புவார்கள்.

பள்ளியிலிருந்து உங்களுக்கு அழைப்பு வந்தால், அந்த முதல் இரவில் அடிப்பதும் கத்துவதும் பிள்ளையை மேலும் மறைக்கவே பழக்கும். பள்ளியை விட்டு நீக்குவதும் சிகிச்சை ஆகாது. மாலை வரை வேலையின்றித் தெருவில் நிற்கும் பிள்ளைக்கு இடர் கூடவே செய்யும். நீக்கம் பற்றிப் பேச்சு எழுந்தால், மருத்துவ மதிப்பீட்டுக்குக் காலம் தருமாறு தலைமையாசிரியரிடம் கேளுங்கள்.

சட்டம் கடுமையாகப் பார்ப்பது கொடுத்தவரை என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். மருத்துவர் பரிந்துரையின்றிக் குழந்தைக்கு மது, போதைப்பொருள் அல்லது புகையிலைப் பொருளைத் தருபவருக்கு, 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின் 77-ஆவது பிரிவின்படி ஏழு ஆண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கப்படலாம். கல்வி நிலையத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதும் 2003-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடைசெய்யப்பட்டுள்ளது.

பள்ளியிடம் நீங்கள் கேட்கக்கூடியவை

ஜூன் 26-ஆம் நாள் போதைப்பொருள் எதிர்ப்பு நாளில் உறுதிமொழி எடுப்பதும் ஊர்வலம் செல்வதும் பல பள்ளிகளில் வழக்கம். அதோடு பாடம் முடிந்துவிட்டதா என்பதே உங்கள் முதல் கேள்வியாக இருக்கட்டும். நியூயார்க் மாநிலத்தின் 56 பள்ளிகளில் கில்பர்ட் போட்வின் குழுவினர் நடத்திய வாழ்க்கைத் திறன் பயிற்சியின் முடிவுகள் 1995-இல் வெளியாயின. ஏழாம் வகுப்பில் தொடங்கிய பயிற்சியின் பயன் பன்னிரண்டாம் வகுப்பிலும் காணப்பட்டது. திட்டத்தில் குறைந்தது 60 விழுக்காட்டையேனும் பெற்ற மாணவர்களிடம் அது மிகத் தெளிவாகத் தெரிந்தது. ஒரு நாள் கூட்டம் இதற்கு ஈடாகாது.

ஆயுஷ்மான் பாரத் திட்டத்தின் கீழ் அமைந்த பள்ளி நலவாழ்வுத் திட்டத்தில், ஒவ்வொரு பள்ளியிலும் இரண்டு ஆசிரியர்கள் நலவாழ்வுத் தூதுவர்களாகப் பயிற்சி பெறுகின்றனர். அதன் பதினொரு பொருள்களில் போதைப்பொருள் தடுப்பும் ஒன்று. உங்கள் பிள்ளையின் பள்ளி இத்திட்டத்தில் உள்ளதா, அந்த ஆசிரியர்கள் யார், பாடத்தில் மாணவர்கள் நடித்துப் பார்க்கிறார்களா அல்லது கேட்டுக்கொண்டு மட்டும் இருக்கிறார்களா என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்கலாம். பிள்ளையிடமும் ஒன்று கேட்டுப் பாருங்கள்: “இன்று வகுப்பில் யார் அதிகம் பேசினார்கள்?”

கேட்கும்போது ஆசிரியரின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஐம்பது மாணவர்கள், நாற்பது நிமிடம், முடிக்க வேண்டிய பாடப்பகுதி என்ற நெருக்கடியில், கையேட்டைப் படித்துக்காட்டிவிட்டுப் போவதுதான் எளிது. உரையாடலுக்கு நேரம் தேவை. வகுப்பில் எழும் சத்தத்தைத் தலைமையாசிரியர் பொறுத்துக்கொள்ளவும் வேண்டும். பாடவேளையை ஒதுக்கித் தருமாறு பெற்றோர் கேட்டால், அது ஆசிரியருக்கு எதிரான புகாராகாமல் அவருக்கான ஆதரவாகவே அமையும்.

வீட்டில் பேசும் முறையும் இதுவே. செய்தியில் ஒன்று வரும்போது, வண்டியில் ஒன்றாகச் செல்லும்போது, சோறு போடும்போது என்று சிறு சிறு பேச்சாக இருக்கட்டும். பெற்றோர் புகைப்பவராகவோ குடிப்பவராகவோ இருந்தால் அதை மறைத்துப் பேச முயல வேண்டாம், பிள்ளைக்குத் தெரியும். “விட முயல்கிறேன், கடினமாக இருக்கிறது” என்று உள்ளபடி சொன்னால் பிள்ளை அதை நம்பும்.

உதவி பெற

போதை மீட்பு குறித்த ஆலோசனைக்குத் தேசிய உதவி எண் 14446. மனநல ஆலோசனைக்கு டெலி-மானஸ் எண் 14416. தமிழிலும் பேசலாம், இரவிலும் அழைக்கலாம். பிள்ளைகள் தாமே உதவி கேட்க 1098 உள்ளது. இந்த எண்ணை உங்கள் பிள்ளைக்குத் தெரியப்படுத்தி வையுங்கள். எதையேனும் உட்கொண்டோ நுகர்ந்தோ பிள்ளை மயங்கினால், மூச்சுத் திணறினால் அல்லது எழுப்பியும் எழாவிட்டால், உடனே 108-ஐ அழையுங்கள். மூச்சு இருந்தால், ஊர்தி வரும்வரை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், தனியே விடாதீர்கள், வாயில் எதையும் ஊட்ட வேண்டாம். என்ன பொருள், எவ்வளவு நேரத்துக்கு முன்பு என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.